நட்டுக்குக் கீழே ஒரு வாஷர்



எங்கள் தோட்டத்தில் நாலாம் லயத்து அக்கா ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி, மகளைத் தாதியாக்கிப் பார்த்தவர். மகளுக்குக் கூச்சிங் மருத்துவமனையில் வேலை. தலைப்பிரசவம் நெருங்குகிறது. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மகள் விமான டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். அக்கா விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை டிக்கெட்டைக் கையில் பிடித்துக் கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கே ஏறுவது, எத்தனை கிலோ சாமான் கொண்டு போகலாம் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"வாத்தியாரய்யா, எங்க அண்ணன் மகன் போன வருசம் போயிட்டு வந்தான். எறங்குறப்போ றெக்கையோட முன்பக்கம் தனியா கழண்டு முன்னுக்கு வருதாம். இடுக்கு வழியா கீழ இருக்கிற மரமெல்லாம் தெரியுதாம். நெசமா? அதையெல்லாம் யாரு முடுக்கி வைக்கிறா? ஆணி கிணி கழண்டுக்காதா?"

அதெல்லாம் ஒன்றும் ஆகாது, பயப்படாமல் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பலரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த அக்கா கேட்டது நல்ல கேள்வி. பெரிய பெரிய பொறியியலாளர்களும் ஒரு காலத்தில் அதே கேள்வியைக் கேட்டு, உலகத்தில் உள்ள அந்த ரக விமானங்களை எல்லாம் திறந்து பார்க்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் அந்த இறக்கை சமாசாரம். அண்ணன் மகன் பார்த்தது நிஜந்தான். ஆனால் அது கழன்று வருவதில்லை. மேலே வேகமாகப் போகும் விமானத்துக்கு மெல்லிய, வழவழப்பான இறக்கை போதும். தரையிறங்க வேகத்தைக் குறைத்தால் அதே இறக்கை அவ்வளவு பாரத்தைத் தாங்காது. ஆகவே இறக்கையைப் பெரிதாக்கி, வளைவாக்கிக் கொள்ள வேண்டும். கொக்கு ஒன்று அல்லூர் ஓரத்தில் வந்து இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். இறங்குகிற நேரத்தில் இறக்கையை எப்படி விரித்து வளைத்துக் கொள்கிறது! விமானமும் அதைத்தான் செய்கிறது. பின்பக்கம் விரிகிற பலகைக்கு ஃபிளாப் என்று பெயர். முன் விளிம்பில் வழுக்கிக் கொண்டு வருகிற பலகைக்கு ஸ்லாட் என்று பெயர்.

அக்காவின் டிக்கெட்டில் போட்டிருந்த போயிங் 737-800 விமானத்தில் ஸ்லாட் 8. இடது இறக்கையில் 4, வலது இறக்கையில் 4. இடது கோடியிலிருந்து 1, 2, 3 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அப்படி எண்ணிக் கொண்டு வந்தால் 5-ஆம் எண், வலது இறக்கையில் இயந்திரத்தை ஒட்டினாற்போல் இருக்கும். இந்த 5-ஆம் எண்ணை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்லாட்டும் வளைந்த இரும்புத் தண்டவாளம் போன்ற ஒன்றில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஸ்லாட் வெளியே போனால் தண்டவாளமும் கூடவே வெளியே வரும். ஸ்லாட் உள்ளே வந்தால் அந்தத் தண்டவாளத்தின் வால்பகுதி இறக்கைக்குள்ளே போகும். இறக்கைக்குள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? எண்ணெய்த் தொட்டி! விமானத்தின் எண்ணெய் பெரும்பாலும் இறக்கையில்தான் இருக்கிறது. தண்டவாளத்தின் வால் போய் வருவதற்காகத் தொட்டிக்குள்ளே ஒரு பக்கம் மூடிய குழல் ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்கள். குழலுக்கு வெளியே எண்ணெய், குழலுக்குள்ளே தண்டவாளத்தின் வால். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒரு சுவர், அவ்வளவுதான்.

மேசை இழுப்பறையை முழுக்க இழுத்தால் வெளியே வந்து காலில் விழாமல் இருக்கப் பின்னால் ஒரு கட்டை அடித்திருப்பார்கள் அல்லவா? ஸ்லாட் அளவுக்கு மேல் வெளியே போகாமல் இருக்க அதே மாதிரி ஒரு தடுப்பு, தண்டவாளத்தின் வால் நுனியில் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு போல்ட்டு, ஒரு நட்டு, ஒரு வாஷர், கூட இரண்டொரு சின்னச் சாமான்கள். உள்ளங்கையில் வைத்து மூடிக் கொள்ளலாம்.

இனிமேல்தான் கதை.

2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள். தைவான் நாட்டின் சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 120-ஆம் எண் விமானம் தைப்பேயிலிருந்து கிளம்பி, ஜப்பானின் ஒக்கினாவா தீவிலுள்ள நாஹா விமான நிலையத்தில் இறங்கியது. வயது 5 மட்டுமே ஆன போயிங் 737-800. பயணிகள் 157 பேர், ஊழியர்கள் 8 பேர். வழியில் எந்தக் கோளாறும் இல்லை. பூப்போல இறங்கி, காலை பத்தரை மணி வாக்கில் தன் இடத்தில் வந்து நின்றது. பயணிகள் பையைத் தேடி எழுந்திருக்க வேண்டிய நேரம்.

வலது இயந்திரத்தின் பக்கம் தீ. தரையில் நின்ற தொழிலாளர்கள் கண்டு விமானிக்குச் சொன்னார்கள். விமானி எல்லாரையும் உடனே இறங்கச் சொன்னார். அவசரச் சறுக்குப் பலகைகள் விரிந்தன. குழந்தை குட்டிகளோடு அத்தனை பேரும் சறுக்கி இறங்கி ஓடினார்கள். விமானிகள் இருவரும் கடைசியில் தங்கள் அறை ஜன்னல் வழியாக இறங்கித் தப்பினார்கள். விமானம் வெடித்து, முதுகு ஒடிந்து, கரிக்கட்டையாகிவிட்டது. 165 பேரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

கடலுக்கு மேலே பறந்து வந்தபோது ஒன்றுமில்லை. வந்து நின்ற பிறகு ஏன் எரிந்தது?

ஜப்பான் விசாரணையாளர்கள் எரிந்த இறக்கையைக் கிளறிப் பார்த்தபோது அந்த 5-ஆம் எண் ஸ்லாட்டின் குழல் பொத்துக் கிடந்தது. பொத்தலில் செருகிக் கிடந்தது, நான் மேலே சொன்னேனே அந்தத் தடுப்புப் போல்ட்டு. தண்டவாளத்தின் நுனியிலிருந்து கழன்று குழலுக்குள்ளே விழுந்து கிடந்திருக்கிறது. தரையிறங்கியதும் வழக்கம் போல் ஸ்லாட்டை உள்ளே இழுத்தார்கள். தண்டவாளம் பின்னால் வந்து, குறுக்கே கிடந்த போல்ட்டை அப்படியே குழலின் சுவரில் வைத்து அழுத்தியது. அவ்வளவு பெரிய யந்திர பலத்தின் முன் மெல்லிய தகடு என்ன செய்யும்? பொத்துக் கொண்டது. எண்ணெய் குழலுக்குள் இறங்கி, வடிகால் வழியே வெளியே கொட்டியது. விமானம் ஓடிக் கொண்டிருந்தவரை எண்ணெய் காற்றில் சிதறிப் போயிற்று. நின்றதும் நேரே சூடான இயந்திரத்தின் மேல் விழுந்தது. பற்றிக் கொண்டது.

"அப்ப முடுக்காம விட்டுட்டாங்களா?" என்றார் அக்கா.

அங்கேதான் இருக்கிறது விஷயம். முடுக்காமல் விடவில்லை. நன்றாக முடுக்கப் போனதால்தான் வந்தது வினை!

இந்த நட்டு இலேசாகத் தளர்ந்து கழன்று போவதாகப் போயிங் நிறுவனத்துக்கு முன்பே செய்தி வந்திருந்தது. அதனால் 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் அது விமான நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது: நட்டைக் கழற்றி, மரையில் பிடிப்புப் பசை தடவி, மறுபடியும் முடுக்கி விடுங்கள் என்று. அது யோசனைக் கடிதம். கட்டாய ஆணை அல்ல. இருந்தாலும் அந்த நிறுவனம் கடிதத்தை மதித்து, 2007 ஜூலையில் இந்த விமானத்துக்கு அந்த வேலையைச் செய்தது. நல்ல காரியந்தானே?

வேலை நடந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இறக்கையின் முன் விளிம்புக்குள்ளே குறுகலான இடுக்கு. கண்ணால் நன்றாகப் பார்க்க முடியாது. கையை விட்டுத் தடவித் தடவித்தான் செய்ய வேண்டும். நட்டைக் கழற்றும்போது அதன் பக்கத்து வாஷர் நழுவி விழுந்திருக்கிறது. அது தெரியாமலே பசையைத் தடவி நட்டை மறுபடியும் முடுக்கியிருக்கிறார்கள். விசாரணையாளர்கள் வந்து சேர்ந்த முடிவு இது.

ஒரு வாஷர் போனால் என்ன? முடுக்கியாயிற்றே! என்ன என்றால், தண்டவாளத்தில் இருந்த துளையைவிட அந்த நட்டு சின்னது. வாஷர்தான் துளையை மூடி நட்டைத் தாங்கி நின்றது. வாஷர் இல்லாவிட்டால் நட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தும் பயனில்லை. போல்ட்டும் நட்டும் கை கோத்தபடியே துளை வழியாக நழுவி வந்துவிடும். ஏறக்குறைய ஒன்றரை மாதம் அந்த விமானம் ஆட்களை ஏற்றிக் கொண்டு பறந்திருக்கிறது. பசை தடவியாயிற்று, வேலை முடிந்தது என்று ஏட்டில் கையெழுத்தும் இருந்திருக்கும்.

விசாரணை அறிக்கை 2009 ஆகஸ்டில் வந்தது. அதில் ஒரு குறிப்பு என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. வேலையைத் திட்டமிட்டபோது, தயாரித்த நிறுவனமும் விமான நிறுவனமும் அந்த இடம் எவ்வளவு சிரமமானது என்பதைப் போதிய அளவு நினைத்துப் பார்க்கவில்லை. அதோடு, வேலையைச் செய்தவரும் சரி, அவருக்கு மேலே இருந்தவரும் சரி, இது செய்யக் கடினமான வேலையாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஊஞ்சல் ஞாபகம் வந்தது.

பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு முதன்முதலாக நான் வேலைக்குப் போன தோட்டப் பள்ளியில், திடலோரம் சங்கிலி ஊஞ்சல் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்து போல்ட்டு தேய்ந்து போயிருந்தது. பட்டணத்து இரும்புக் கடையில் போல்ட்டு, நட்டு, வாஷர் வாங்கி வந்து, பள்ளி விட்ட பிறகு நானே ஏணி வைத்து ஏறினேன். பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. துருப்பிடித்த சட்டத்தில் துளை அரித்துப் பெரிதாகியிருந்தது. வாஷர் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. தேடினேன், அகப்படவில்லை. நட்டு துளையின் ஓரத்தில் ஒட்டிக் கொண்டு நின்றது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நாளைக்கு ஒன்று வாங்கிப் போட்டுக் கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். அந்த நாளை வரவேயில்லை. தேர்வு வந்தது, விளையாட்டுப் போட்டி வந்தது.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ஆடும்போது ஒரு பக்கச் சங்கிலி அறுந்தாற்போல் இறங்கியது. பிள்ளைக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஊஞ்சல் பழசு, துருப்பிடித்துவிட்டது என்று எல்லாரும் பேசிக் கொண்டார்கள். தலைமையாசிரியரும் அப்படித்தான் எழுதினார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு பிள்ளை வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். புல்லில் விழுந்த வாஷரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவளுடைய அப்பா எனக்கு நன்றி வேறு சொன்னார், மருத்துவமனைக்குத் தூக்கிக் கொண்டு ஓடியதற்கு. அவள் இப்போது எங்கோ வேலைக்குப் போய்க் கொண்டிருப்பாள். இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால் தெரிந்து கொள்ளட்டும்.

சரி, கதைக்குத் திரும்புவோம். நாஹாவில் விமானம் எரிந்த 5-ஆம் நாள், ஆகஸ்டு 25-ஆம் தேதி, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அவசர ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. விமானம் எந்த நாட்டில் உருவாக்கப்பட்டதோ அந்த நாட்டு அரசுதான் இப்படிப்பட்ட ஆணையை முதலில் போடும். அந்த விமானத்தைப் பறக்கவிடும் மற்ற நாடுகளும் அதை எடுத்துக் கொள்ளும். கடிதத்துக்கும் ஆணைக்கும் உள்ள வித்தியாசம், "பார்த்துக் கொள்ளப்பா" என்பதற்கும் "இதைச் செய்யாமல் வண்டியை எடுக்காதே" என்பதற்கும் உள்ள வித்தியாசந்தான். ஆணையில் குறித்த நாளுக்குள் சோதனை முடியாத விமானம் பயணிகளை ஏற்ற முடியாது. சட்டப்படி அது பறக்கத் தகுதியற்றது.

முதல் ஆணையில் கொடுத்த கெடு 24 நாள். அந்த ரகத்தைச் சேர்ந்த 737 விமானங்கள் எல்லாவற்றிலும் குழலுக்குள்ளே போல்ட்டோ நட்டோ கழன்று கிடக்கிறதா, சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? வயிற்றுக்குள் குழாய் விட்டு மருத்துவர் பார்க்கிறார் அல்லவா, அது போல நுனியில் விளக்கும் கண்ணும் உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். கை போகாத, கண் போகாத இடத்துக்குள் அது போகும்.

சோதனை தொடங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. வேறு சில விமானங்களிலும் சாமான்கள் தளர்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டு 28-ஆம் தேதி இரண்டாவது ஆணை போட்டார்கள். 24 நாள் கெடு 10 நாளானது! ஒரு முறை பார்த்து விட்டால் போதாது, 3,000 தடவை பறந்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் விதித்தார்கள். பணம் அதிகம் போகும், விமானம் சும்மா நிற்கும் என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லாமல் போயிற்று.

எல்லாச் சமயத்திலும் இப்படி உயிர்ச் சேதமில்லாமல் புத்தி வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கலிபோர்னியாக் கரையோரம் கடலில் விழுந்து 88 பேரும் மாண்டார்கள். அது எம்டி-83 ரகம். வால் பக்கத்து இறக்கையை ஏற்றி இறக்கும் நீண்ட திருகும் அதன் நட்டும் போதிய கிரீஸ் இல்லாமல் உராய்ந்து, நட்டின் மரை முழுவதும் தேய்ந்து உதிர்ந்து போயிருந்தது. கிரீஸ் வைக்கும் இடைவெளியையும் சோதிக்கும் இடைவெளியையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக் கொண்டே போயிருந்தார்கள். அரசு ஆணையமும் அதற்குச் சம்மதித்திருந்தது. அந்த ரகத்தில் எல்லா விமானத்திலும் அந்தத் திருகைச் சோதிக்க வேண்டும் என்ற கட்டாய ஆணை பிப்ரவரியில்தான் வந்தது. ஆலையில் வேலை செய்கிற நம் ஆட்களுக்குக் கிரீஸ் வைக்காத பேரிங் எப்படிக் கத்தும் என்று தெரியும். ஆகாயத்தில் அது கத்தினாலும் யார் காதில் விழும்?

நம் நாட்டில் இந்தப் பொறுப்பு முன்பு சிவில் விமானப் போக்குவரத்து இலாகாவிடம் இருந்தது. 2018-லிருந்து மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அதைப் பார்க்கிறது. வெளிநாட்டில் ஒரு ரக விமானத்துக்கு ஆணை வந்தால், இங்கே அதே ரகத்தை ஓட்டுகிறவர்களும் அந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். மாஸ் நிறுவனத்துக்கு 737-800 விமானங்கள் 2010-இல்தான் வந்தன. ஒக்கினாவாவில் எரிந்ததன் பாடத்தை அந்த விமானங்கள் பிறக்கும்போதே படித்துக் கொண்டு வந்தன என்று சொன்னேன். அக்கா சிரித்தார்.

பிறகு கொஞ்ச நேரம் டிக்கெட்டை மடித்து மடித்து விரித்துக் கொண்டிருந்தவர் கேட்டார்: "அந்த வாஷரப் போடாம விட்டான் பாருங்க, அந்தப் பையனை என்ன பண்ணாங்க?"

அறிக்கையில் அவன் பேர் இல்லை என்றேன். இது போன்ற விமான விபத்து விசாரணைகள் இன்னார் குற்றவாளி என்று சொல்வதற்காக நடப்பதில்லை. மறுபடியும் நடக்கக் கூடாது என்பதற்காக நடக்கின்றன. உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக் கொண்ட விதி அது. தண்டனை வேண்டுமானால் வேறு வழியில், வேறு ஆட்கள் பார்த்துக் கொள்வார்கள்.

"அது எப்படி நாயம்? அத்தனை உசிரு இருந்துச்சே!" என்றார் முதலில். அப்புறம் அவரே, "எங்க பழைய மேஸ்திரிகிட்ட மெஷின் சத்தம் மாறுதுன்னு சொன்னா, நீதான் என்னவோ பண்ணிட்டேன்னு அன்னிக்குச் சம்பளத்துல கை வைப்பாரு. அதுக்குப் பயந்தே புல்லு வெட்டுறவன் எவனும் சொல்ல மாட்டான். கத்தி பறந்து ஒருத்தன் கால்ல பட்ட பெறகுதான் தெரிஞ்சுது, அது ஒரு மாசமா ஆடிக்கிட்டு இருந்துச்சுன்னு" என்றார்.

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஊஞ்சலை அவரிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வரவில்லை, இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிட்டேன்.

வாசகர்களே, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன்களைப் பற்றி இந்த மாதம் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். அக்காவின் கேள்வி குறுக்கே வந்துவிட்டது. உங்கள் பிள்ளை ஏறும் வேனில் இருக்கை ஆடுகிறது, கதவு கயிற்றால் கட்டியிருக்கிறது என்றால் எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டேன். அடுத்த மாதம் அதைப் பார்ப்போம்.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை காலை விமானம். மகளுக்குக் காயமருந்துச் சாமான், பெருங்காயம், பழைய வேட்டி கிழித்த துணி எல்லாம் கட்டியாயிற்று. ஜன்னலோரம் வேண்டும், அதுவும் வலது கைப்பக்கம் வேண்டும் என்று என் மகனை விட்டுக் கைப்பேசியில் இடம் பிடிக்கச் சொன்னார். 5-ஆம் நம்பர் பலகை முன்னால் வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.